தட்டை டிவி வாங்கப் போறீங்களா?



2006-ல் தமிழக அரசு கொடுக்க ஆரம்பித்த 14 அங்குல இலவசக் கலர் டிவி இன்னும் சில வீடுகளில் அட்டாலியில் கிடக்கிறது. அந்த மாதிரிப் பெட்டி டிவி இப்போது கடையில் கிடையாது, எல்லாம் தட்டைதான். அதில் எல்.சி.டி., எல்.இ.டி., கியூ.எல்.இ.டி., ஓ.எல்.இ.டி. என்று கடைக்காரர் அடுக்கும்போது நமக்குத் தலை சுற்றுகிறது. உள்கடன் வாங்கி டிவி எடுக்கிற நாம் பேருக்காகப் பணம் கொடுக்கலாமா?

எல்.சி.டி. திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பின்னால் விளக்கு எரிந்தால்தான் படம் தெரியும். முன்பு மெல்லிய ட்யூப் லைட் மாதிரி விளக்கு வைத்தார்கள். பிறகு அதே திரைக்குப் பின்னால் எல்.இ.டி. விளக்கு வைத்து எல்.இ.டி. டிவி என்று பேர் வைத்தார்கள். திரை அதேதான், கரண்ட் மட்டும் மிச்சம். கியூ.எல்.இ.டி.யில் நிறத்தை எடுப்பாகக் காட்ட ஒரு படலம் கூடுதல், அவ்வளவுதான்.

ஓ.எல்.இ.டி. மட்டும் வேறு சங்கதி. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். படம் அருமையாகத்தான் இருக்கும். விலையைக் கேட்டால் ஒரு கறவை மாடே வாங்கிவிடலாம் போலிருக்கும்! ஒரே சேனலை நாள் முழுக்க ஓடவிட்டால், மூலையில் நிற்கும் சேனல் சின்னம் நாளடைவில் திரையில் தழும்பாகப் படியவும் வாய்ப்பு உண்டு.

பிளாஸ்மா டிவி தயாரிப்பைப் பெரிய கம்பெனிகள் 2014 வாக்கிலேயே நிறுத்திவிட்டன. பழையது மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால் வேண்டாம், கரண்டைக் குடிக்கும்.

நம்ம வீட்டு அறைக்கு 32 அங்குல எல்.இ.டி. தாராளம். அந்த அளவில், கேபிள் மட்டும் பார்க்கிறவர்களுக்கு 4கே தேவையில்லை. பின்பக்கம் பி.ஐ.எஸ். முத்திரையும், எத்தனை வாட் என்பதும் இருக்கும், பாருங்கள். 50 வாட் என்றால், தினம் 6 மணி நேரம் ஓடினால் மாசத்துக்கு 9 யூனிட். நட்சத்திரம் கூடினால் செலவு குறையும்.

“வட்டியில்லாத் தவணை” என்றால் முன்பணம், தவணைகள், கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி, ரொக்க விலையோடு ஒப்பிடுங்கள். குழுவில் உள்கடன் எடுத்தால் ஆகும் வட்டியையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

பிள்ளைகள் பந்து அடித்துத் திரை உடைந்தால் சாதாரண வாரண்டியில் வராது. திரை மாற்றும் செலவு புது டிவி விலையை நெருங்கிவிடும். அதனால் கைக்கு எட்டாத உயரத்தில் சுவரில் மாட்டச் சொல்லுங்கள்.