பாட்காஸ்ட் நடத்துவோர் கவனத்துக்கு: 30 வினாடி பாடலுக்கும் அனுமதி தேவை

புதுதில்லி: பாட்காஸ்ட் நிகழ்ச்சிகளைத் தயாரித்து வெளியிடுவது எளிதாகிவிட்ட நிலையில், பதிப்புரிமை, அவதூறு ஆகியவை தொடர்பான சட்டங்களை அறியாதவர்கள் வழக்குகளைச் சந்திக்க நேரிடலாம்.

30 வினாடிகள் வரை எந்தப் பாடலையும் அனுமதியின்றிப் பயன்படுத்தலாம் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. ஆனால், 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் அத்தகைய கால வரம்பு ஏதும் இல்லை. விமர்சனம், நடப்புச் செய்தி போன்றவற்றுக்காக நியாயமான அளவில் பயன்படுத்துவதற்கு அச்சட்டத்தின் 52-ஆவது பிரிவு விலக்களிக்கிறது. நிகழ்ச்சியை அழகூட்டும் பின்னணி இசைக்கு அது பொருந்தாது. மேலும், பாடல் வரிகள், இசையமைப்பு, ஒலிப்பதிவு ஆகியவற்றுக்குத் தனித்தனி உரிமைகள் உண்டு. தெரிந்தே மீறுவோருக்கு 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கப்படலாம்.

‘விருந்தினர்தான் பேசினார்’ என்று கூறியும் பொறுப்பைத் தட்டிக்கழிக்க இயலாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவின்படி, அவதூறான கருத்தைக் கூறுவது மட்டுமின்றி வெளியிடுவதும் குற்றமாகும். இதற்கு 2 ஆண்டுகள் வரை சிறை, அபராதம் அல்லது சமூக சேவை தண்டனையாக விதிக்கப்படலாம். கூறியது உண்மை என்றாலும், அது பொதுநலனுக்காகக் கூறப்பட்டிருந்தால்தான் விலக்கு கிடைக்கும்.

எனவே, உரிமம் பெற்ற இசையையே பயன்படுத்துவதும், விருந்தினரிடம் எழுத்துபூர்வ ஒப்புதல் பெறுவதும், ஆதாரமற்ற குற்றச்சாட்டுகளை வெளியீட்டுக்கு முன்பே நீக்குவதும் பாதுகாப்பான வழிகளாகும்.