ஒரு ரீபூட் போதும்னு யாரும் சொல்லல

இந்த வாரக் கதையில ஹீரோ, வில்லன் யாரும் கிடையாது. ஒரு சாஃப்ட்வேர் பக் இருக்கு, அவ்வளவுதான்.

1991 பிப்ரவரி 25, இரவு எட்டரை மணி வாக்கில். சவுதி அரேபியாவின் தஹ்ரான். பக்கத்துல தம்மாம், அல்கோபார். உங்க சித்தப்பாவோ மாமாவோ அந்தப் பக்கம் வேலை பார்த்திருக்கலாம். வளைகுடாப் போர் முடியப்போற வாரம் அது. ஈராக் ஏவின ஒரு ஸ்கட் ஏவுகணை, அமெரிக்க ராணுவத்தினர் தங்கியிருந்த கட்டடத்தின் மேல வந்து விழுது. கிடங்கா இருந்த இடத்தை விடுதியா மாத்தியிருந்தாங்க. 28 பேர் இறந்துட்டாங்க. அதில் 13 பேர், பென்சில்வேனியாவின் கிரீன்ஸ்பர்க் ஊரிலிருந்து வந்த தண்ணீர் சுத்திகரிப்புப் பிரிவு. முழுநேர சிப்பாய்கள்கூட இல்ல, ரிசர்வ் ஆட்கள். சவுதி வந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது.

அந்தப் பகுதியைப் பாதுகாக்க பேட்ரியாட் ஏவுகணை அமைப்பு இருந்தது. ஆன்லதான் இருந்தது, ரிப்பேரும் இல்ல. ஆனா அந்த ஸ்கட்டை நோக்கி ஒரு ஏவுகணையைக்கூட அது ஏவல.

ஏன்னு பார்க்க, பேட்ரியாட் எப்படி யோசிக்குதுன்னு கொஞ்சம் தெரியணும். ரேடார் வானத்துல ஏதோ ஒரு பொருளைப் பார்க்குது. அதோட வேகம், பார்த்த நேரம் ரெண்டையும் வச்சு, அடுத்து அது எங்க இருக்கும்னு கணக்குப் போட்டு, வானத்துல ஒரு சின்ன ஜன்னல் வரையுது. அடுத்த தடவை அந்த ஜன்னலுக்குள்ள பொருள் இருந்தா எதிரி. இல்லைனா, "சும்மா ஏதோ சிக்னல்"னு விட்டுடும். ஸ்கட் வர்ற வேகம் நொடிக்குக் கிட்டத்தட்ட 1,676 மீட்டர். அதனால நேரக் கணக்கு கொஞ்சம் பிசகினாலும் ஜன்னல் வேற இடத்துல போய் நிக்கும்.

அந்த நேரக் கணக்குலதான் பக். சிஸ்டத்தோட கடிகாரம் நொடியில் பத்தில் ஒரு பங்கா எண்ணிக்கிட்டே போகும். அதை நொடியா மாத்த 0.1-ஆல பெருக்கணும். இங்க கோடு எழுதுறவங்க இந்நேரம் தலையில கை வச்சிருப்பீங்க. மத்தவங்களுக்கு: மூன்றில் ஒரு பங்கை தசமத்துல எழுதினா 0.333னு முடிவில்லாமப் போகும் இல்லையா? கம்ப்யூட்டரோட இரும எண்கள்ல 0.1-உம் அப்படித்தான், முடியவே முடியாது. பேட்ரியாட்டுல இருந்த இடம் 24 பிட். மீதியை வெட்டிட்டாங்க. வெட்டினது 0.000000095 அளவுக்குத்தான். அளக்குற படி ஒரு அரிசி மணி குறைஞ்ச மாதிரி.

ஆனா அன்னைக்கு அந்த சிஸ்டம் 100 மணி நேரத்துக்கு மேல தொடர்ந்து ஓடியிருந்தது. 100 மணி நேரம்னா 36 லட்சம் டிக். பெருக்கிப் பாருங்க, 0.34 நொடி வரும். ஜன்னல் 687 மீட்டர் தள்ளிப் போயிடுச்சு. ரேடார் அங்க பார்த்தது, காலி. முடிஞ்சது கதை.

இதுல என்னை ரொம்ப உறுத்தினது வேற ஒண்ணு. ரெண்டு நேரத்தைக் கழிக்கும்போது ரெண்டுலயும் ஒரே பிழை இருந்தா, அது ஒண்ணுக்கொண்ணு அடிபட்டுப் போயிருக்கும். போர் நடக்கும்போதே சாஃப்ட்வேரைப் பல தடவை மாத்தினாங்க. அதுல துல்லியமா நேரம் கணக்குப் போடுற புது ஃபங்ஷன் ஒண்ணைச் சேர்த்தாங்க. ஆனா தேவைப்பட்ட எல்லா இடத்துலயும் சேர்க்கல. பாதி ஃபிக்ஸ்! பழசும் புதுசும் கலந்ததால பிழை அடிபடாம நின்னுடுச்சு. ஒரு ரீஃபாக்டரை அரைகுறையா மெர்ஜ் பண்ணிட்டு வீட்டுக்குப் போன வெள்ளிக்கிழமைகள் எனக்கும் உண்டு. என் தப்புல ஒரு ரிப்போர்ட் தப்பா வந்தது, அதோட போச்சு.

இன்னொரு விஷயம். யாருக்கும் தெரியாத பக் இல்ல இது. இஸ்ரேல்ல இருந்த பேட்ரியாட் குழுவினர் டேட்டா பதிவு பண்ணியிருந்தாங்க. எட்டு மணி நேரம் ஓடினாலே ஜன்னல் 20 சதவீதம் நகருதுன்னு அதுல தெரிஞ்சது. பிப்ரவரி 11-ஆம் தேதி அந்தத் தகவல் அமெரிக்கத் திட்ட அலுவலகத்துக்கு வந்தது. சவுதியில பதிவுக் கருவியைப் பயன்படுத்தல, அது சிஸ்டத்தையே எதிர்பாராம நிறுத்திடுமோன்னு பயம். புரொடக்‌ஷன்ல லாக் போட பயந்த கதைதான்.

பிப்ரவரி 16: திருத்தின சாஃப்ட்வேர் தயார். பிப்ரவரி 21: எல்லா பேட்டரிகளுக்கும் ஒரு செய்தி போகுது. "ரொம்ப நேரம்" ஓடினா இலக்கு விலகலாம், புது சாஃப்ட்வேர் வருதுன்னு. ரொம்ப நேரம்னா எவ்வளவு? எட்டா, இருபதா, நூறா? அதுல இல்ல. அவ்வளவு நேரம் யாரும் தொடர்ந்து ஓட்ட மாட்டாங்கன்னு அதிகாரிகள் நினைச்சிருக்காங்க. நினைச்சதுக்கும் காரணம் இருக்கு. பேட்ரியாட் முதல்ல விமானங்களுக்கு எதிரா வடிவமைச்சது. சில மணி நேரம் ஓட்டி, இடம் மாத்தி நிறுத்துற சமாச்சாரம். ஸ்கட்டுக்காக ஒரே இடத்துல நாள் கணக்கா ஆன்ல வைப்பாங்கன்னு வடிவமைச்சவங்க எதிர்பார்க்கல.

ரீபூட் பண்ணினா கடிகாரம் பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கும், பிழையும் போயிடும். அதுக்கு ஆகுற நேரம் 60-லிருந்து 90 நொடி.

நியாயத்துக்கு ஒண்ணு சொல்லிடறேன். ஜன்னல் சரியா இருந்திருந்தா கண்டிப்பா காப்பாத்தியிருக்குமான்னு கேட்டா, சொல்ல முடியாது. அந்தப் போர்ல பேட்ரியாட் நிஜமாவே எத்தனை ஸ்கட்டை அழிச்சதுங்கறதுல பெரிய சர்ச்சை உண்டு. எம்ஐடி பேராசிரியரா இருந்த தியடோர் போஸ்டல், ராணுவம் சொன்னதைவிட ரொம்பக் குறைவுன்னு வாதாடினவர். ஆனா ஏவுறதுக்கான வாய்ப்புகூட அன்னைக்கு வரல.

புது சாஃப்ட்வேர் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது பிப்ரவரி 26. அதாவது மறுநாள். போர் நிறுத்தம், பிப்ரவரி 28.