கதவு சாத்தியும் அணையாத விளக்கு

மோட்டார் வண்டியின் கதவுகள் யாவும் சாத்தப்பட்டிருக்கவும், கதவு திறந்திருப்பதாகக் கூறும் செவ்விளக்கு முன்பலகையில் எரிந்துகொண்டேயிருப்பதை வன்னியில் வாகனம் வைத்திருப்போர் பலர் கண்டிருப்பர். கராஜில் உணரியை மாற்றிய சில மாதங்களில் அக்குறை மீண்டும் தலைகாட்டும். ஈற்றில், “கம்பியை வெட்டிவிடுங்கள், தொல்லை தீரும்” என்னும் அறிவுரை கிடைக்கும். குறை ஏன் திரும்பத் திரும்ப வருகின்றது, அதனை நீக்குமாறு யாது, அவ்வறிவுரை ஏன் தீது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதவுணரி என்பது பெரும்பாலும் ஒரு சிறு மின்னாளியே. பழைய வண்டிகளில் இது கதவு நிலையில், இறப்பர் உறை போர்த்த குமிழாக வெளியே தெரியும். கதவைச் சாத்தும்போது குமிழ் உள்ளே அமுங்கிச் சுற்றை முறிக்கும்; திறக்கும்போது வில் அதனை வெளியே தள்ள, வண்டியின் உடலோடு தொடுகை உண்டாகி விளக்கு எரியும். பிந்திய வண்டிகள் பலவற்றில் ஆளி கண்ணுக்குத் தெரியாது. கதவினுள்ளே தாழ்ப்பொறியோடு சேர்ந்திருக்கும். கதவைச் சாத்தும்போது பொறியின் கவ்வி, நிலையிலுள்ள இரும்பு வளையத்தைப் பற்றிக்கொண்டு இரு படிகளாகத் திரும்பும். முதற்படி அரைத்தாழ்; இரண்டாம் படி முழுத்தாழ். முழுத்தாழ் விழுந்த பின்னரே ஆளி, கதவு சாத்தியாயிற்றென அறிவிக்கும்.

இவ்வேற்பாடு பழுதடைவதற்கு நம் மண்ணும் காலநிலையும் பெரிதும் துணைபோகின்றன. ஏ-9 பெருந்தெருவை விட்டு ஊர்களுக்குள் திரும்பினால் கிறவல் வீதிகள் இன்னும் பல உள. கோடையில் அவற்றினின்று எழும் செந்தூசு கதவிடுக்குகளிற் புகுந்து, தாழ்ப்பொறியிற் பூசிய கிறீசோடு கலந்து களிம்பாகின்றது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாடைக்காற்று மழையைக் கொணர, ஈரம் அக்களிம்பில் ஊறித் தொடுமுனைகளில் மெல்லிய படலத்தைப் படியச் செய்கின்றது. முல்லைத்தீவுக் கரையோரத்தில் உப்புக்காற்றும் இதனோடு சேர்கின்றது. உணரியினூடு செல்லும் மின்னோட்டமோ மிகச் சிறிது. படலத்தைத் துளைத்துச் செல்லும் வலிமை அதற்கில்லை. ஆகவே ஆளியை மட்டும் புதிதாக்கித் தூசு புகும் வழியை அவ்வாறே விட்டால், அடுத்த மாரியில் அதே குறை மீளுதல் இயல்பே.

இனி, ஆளி குற்றமற்றதாயிருக்கவும் விளக்கு எரிவதுண்டு. பிணைச்சல் தேய்ந்து கதவு தாழ்ந்துவிட்டால், கவ்வி வளையத்தை நேராகப் பற்றாது அரைத்தாழிலேயே நின்றுவிடும். அவ்விடத்து விளக்கு கூறுவது பொய்யன்று, மெய்யே. மற்றொன்று, கதவுக்கும் நிலைக்கும் இடையிலுள்ள இறப்பர்க் குழாயினூடு செல்லும் கம்பிகள். கதவு திறக்குந்தோறும் மூடுந்தோறும் அவை வளைகின்றன. நாளடைவில் உள்ளிருக்கும் செப்பிழைகள் ஒவ்வொன்றாய் அறுகின்றன. குண்டும் குழியுமான வீதியில் விளக்கு மினுங்கி மினுங்கி எரியின் முதலில் ஐயுறத்தக்கது இதுவே.

எனவே, புதிய உணரி வாங்குமுன் பழுதின் இருப்பிடத்தைத் துணிதல் வேண்டும். தாழ்ப்பொறியுள் ஆளி அமைந்த வண்டியாயின், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு திருப்புளியாற் கவ்வியை இரு முறை ‘டக்’ என்னும் ஓசை கேட்கும்வரை திருப்புக. மற்றக் கதவுகள் சாத்தியிருக்க விளக்கு அணைந்ததாயின் ஆளியும் கம்பியும் நலமே. திருத்தவேண்டியது பிணைச்சலை அல்லது வளையத்தின் நிலையை. அணையாதாயின் குறை ஆளியிலோ கம்பியிலோ உளது. அப்போது இறப்பர்க் குழாயை மெல்ல அசைத்துப் பார்க்க. விளக்கு மாறி மாறி எரிந்தால் குற்றம் கம்பியதே. சோதனை முடிந்ததும் கைபிடியை இழுத்துக் கவ்வியை விடுவித்த பின்னரே கதவைச் சாத்துக. மறந்து சாத்தினாற் பொறி சிதையும்.

படலமே காரணமெனின், மின்தொடுமுனைகளைத் துப்புரவாக்கவென விற்கப்படும் விசிறு திரவத்தாற் பழைய களிம்பைக் கழுவி, நன்கு உலரவிட்டு, மிகச் சிறிதளவு கிறீஸ் மட்டும் இடுக. மண்ணெண்ணெயும் பழைய எஞ்சின் எண்ணெயும் ஆகா. அவை இறப்பரைக் கெடுத்து மேலும் தூசைச் சேர்க்கும். கிழிந்த இறப்பர் விளிம்புகளையும் உடன் மாற்றுக. வளையத்தை நகர்த்துவதாயின் பழைய இடத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு மில்லிமீற்றர் அளவில் நகர்த்திப் பார்த்தல் போதும்.

குறையை அப்படியே விடுதலும் நன்றன்று. உள்விளக்குகள் இரண்டு சேர்ந்து 10 வாற்று எனக் கொண்டால், 12 வோல்ற்றுப் பற்றரியிலிருந்து ஏறத்தாழ 0.8 அம்பியர் ஓடும். ஒரு பகலும் இரவும் எரிந்தால் 40 அம்பியர்-மணிப் பற்றரியின் பாதி தீர்ந்துவிடும். நள்ளிரவில் நோயாளியொருவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய வேளையில் வண்டி கிளம்பாதிருத்தலின் பொருளை நம் ஊரவர் நன்கறிவர்.

கம்பியை வெட்டுதல் இதனினும் தீது. 2004ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் ஐக்கிய நாடுகள் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவின்கீழ் வாகனங்களுக்கென நிறுவப்பட்ட முதலாவது உலகத் தொழினுட்ப விதி, கதவுத் தாழைப் பற்றியதே. பிணைச்சற் கதவின் தாழ், வண்டியின் நீளப்பாட்டில், முழுத்தாழ் நிலையில் 11,000 நியூற்றன் விசையைத் தாங்கவேண்டும். அரைத்தாழ் நிலைக்குக் கேட்கப்படுவது 4,500 நியூற்றன் மட்டுமே. முன்னையது ஏறக்குறைய 1,100 கிலோகிராமின் நிறை. பின்னையது அதில் பாதியும் அன்று. பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவுக்கு அரைத்தாழ் நிலை இல்லையாயின், எச்சரிக்கை ஏற்பாடு வேண்டுமென்றும் அவ்விதி கூறுகின்றது.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் வான் நிற்கின்றது. இறங்கித் தேங்காய் உடைத்தவர்கள் அவசரமாய் ஏறுகின்றனர். கடைசியாய் ஏறிய சிறுவன் கதவை இழுக்கின்றான். அது முழுத்தாழில் விழுந்ததா, அரைத்தாழில் நின்றதா என்பதைச் சாரதிக்கு உரைக்கக்கூடியது அச்சிறு விளக்கொன்றே. வயற்பரணில் இருக்கும் காவலன் யானை வராத இரவிலும் கூவுகின்றானெனின், அவன் கண்ட நிழல் யாதென்று போய்ப் பார்ப்போமேயன்றி அவன் வாயைக் கட்டிவிடுவதில்லை.

பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வான்களின் உரிமையாளர் நம் பழைய மாணவருள்ளும் இருப்பர். இம்மாரி தொடங்குமுன் ஒரு நாட் காலையிலேனும் ஒவ்வொரு கதவாய்த் திறந்தும் சாத்தியும் விளக்கைச் சோதித்துப் பார்ப்பாராக. அதற்குச் செல்வது கால்மணி நேரமே.