விலையைத் தேடித் தரும் வி-லுக்அப்

அப்பாவின் மளிகைக் கடைக்கு எக்ஸெலில் ஒரு பில் ஷீட் தயாரித்துக் கொடுத்தேன். பொருளின் பெயரை டைப் செய்தால் போதும். விலைப் பட்டியலில் இருந்து விலை தானாக வந்துவிடும். முதல் வாரமே புளிக்குப் பச்சரிசி விலை விழுந்தது. வாங்கியவரும் சொல்லவில்லை, கம்ப்யூட்டரும் பிழை காட்டவில்லை. இரவு கணக்குப் பார்த்தபோது அப்பாதான் கண்டுபிடித்தார். தவறு என்னுடையது. நீங்கள் அதைச் செய்யாமல் இருக்க இதோ வழி.

ஏ நெட்டுவரிசையில் பெயர்களும், பி நெட்டுவரிசையில் விலைகளும் உள்ளன என்று வைத்துக் கொள்வோம். தேட வேண்டிய பெயர் டி2 செல்லில் உள்ளது. விலை வர வேண்டிய இ2 செல்லில் கிளிக் செய்திடுங்கள். பார்முலா பாரின் இடப்புறம் உள்ள எஃப்எக்ஸ் பட்டனை அழுத்தி, வி-லுக்அப் என்பதைத் தேர்ந்தெடுங்கள். நான்கு பெட்டிகள் கிடைக்கும்.

முதல் பெட்டியில் டி2 என டைப் செய்யவும். இரண்டாவதில், பட்டியல் முழுவதையும் மவுஸால் தேர்ந்தெடுத்து எஃப்4 கீயை அழுத்தவும். பார்முலாவைக் கீழே காப்பி செய்தாலும் பட்டியலின் முகவரி மாறாது. மூன்றாவதில் 2, அதாவது, பட்டியலின் இரண்டாவது நெட்டுவரிசை.

நான்காவதைத்தான் நான் காலியாக விட்டிருந்தேன். அப்படி விட்டால், பட்டியல் அகர வரிசையில் உள்ளது என்று எக்ஸெல் எடுத்துக் கொண்டு, கிட்டத்தட்டப் பொருந்துவதைத் தரும். எங்கள் பட்டியலோ சரக்கு வந்த வரிசையில் இருந்தது. எனவே ஃபால்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லை அங்கே கட்டாயம் டைப் செய்யுங்கள்.

இனி, பெயர் சரியாகப் பொருந்தாவிட்டால் #என்/ஏ என்று வரும். பயப்பட வேண்டாம். பெயரின் கடைசியில் கூடுதலாக ஸ்பேஸ் இருக்கிறதா என்று பாருங்கள். தவறான விலையை விட இந்தப் பிழைச் செய்தி எவ்வளவோ நல்லது.