பிள்ளையின் நாட்குறிப்பும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளும்

எங்கள் கிளை நூலகத்தில் பிரபஞ்சனின் ‘வானம் வசப்படும்’ 2 பிரதிதான். வாசகர் வட்டத்தில் 14 பேர். ஆளுக்குப் பத்து நாள் என்று கை மாற்றிக் கை மாற்றி, எல்லோரும் படித்து முடிக்க இரண்டரை மாதம் ஆனது. நடுவில் ஒரு பிரதியின் அட்டை கழன்றுபோய், நான்தான் பசை தடவி ஒட்டினேன். 31 வருஷம் நூலகராக இருந்த கை, ஓய்வுபெற்ற பிறகும் சும்மா இருப்பதில்லை.

சாகித்ய அகாதெமி 1995இல் பரிசளித்த நாவல் அது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரி, ஆளுநர் துய்ப்ளெக்ஸ், அவருக்கு வலக்கையாக இருந்த துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை. துபாஷி என்றால் இரண்டு மொழி தெரிந்தவர். பேச்சை மாற்றிச் சொல்வதோடு வியாபாரத்தையும் நடத்திக் கொடுப்பவர். இந்தப் பிள்ளை 1736இல், நள வருஷம் ஆவணி மாதத்தில் நாட்குறிப்பு எழுத ஆரம்பித்து, 1761இல் காலமாகும் வரை எழுதிக்கொண்டிருந்தார். கப்பல் வந்தது, பீரங்கி முழங்கியது, யார் வீட்டில் கல்யாணம், யார் யாரைப் பற்றிக் கோள் சொன்னார் என்று எல்லாம் பேச்சுத் தமிழில். ஆங்கில மொழிபெயர்ப்பு மட்டுமே 12 தொகுதி. பிரபஞ்சன் நாவலைக் கட்டியது இந்த அஸ்திவாரத்தின் மேல்தான்.

வட்டத்தில் ஒரே ஒரு விதி வைத்தேன். “இது நிஜமாகவே நடந்தது” என்று சொல்பவரும், “இது கற்பனை” என்று சொல்பவரும் நாட்குறிப்பிலிருந்து அந்தப் பக்கத்தைக் காட்டவேண்டும். வெறும் வாயால் சொன்னால் செல்லாது. அதனால் நாட்குறிப்புத் தொகுதிகளும் மேஜைக்கு வந்தன.

முதலில் தொகுதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டவர், நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்த பெரியவர். நாவலில் அவருக்கு அவ்வளவாக ஈடுபாடு இல்லை. நாட்குறிப்பில் துணி வருகிற இடமாகத் தேடிப் படித்தார். பிரெஞ்சு வணிகக் கம்பெனிக்கு வந்த சிப்பங்கள், சலவைக்குப் போனவை, நீலச் சாயம் ஏறியவை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னார்: “இந்தப் பிள்ளைக்குத் துணி தெரிஞ்சிருக்கு. நெய்யறவன் வயிறு தெரிஞ்சிருக்கான்னு பார்க்கணும்.” சண்டைகளும் சதிகளும் வரும் கதையில் எல்லாப் பணமும் துணியிலிருந்துதான் வந்தது என்பதை அன்று அவர்தான் எங்களுக்குக் காட்டினார்.

அடுத்த கூட்டம் கொஞ்சம் சூடாகிவிட்டது. 1748இல் ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது, உள்ளே வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. விக்கிரகங்கள் காளத்தீஸ்வரர் கோயிலுக்கு எடுத்துச் செல்லப்பட்டன. பிள்ளை இதை மனம் கசந்து எழுதியிருக்கிறார். துய்ப்ளெக்ஸின் மனைவி மேல் பழி சொல்கிறார். அவ்வளவு செல்வாக்குள்ள மனுஷன் ஏன் தடுக்கவில்லை என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் இன்றைய அரசியலை உள்ளே இழுக்க, குரல்கள் உயர்ந்தன. தொகுதியைத் திறந்து அந்த நாட்களின் பதிவுகளை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். படிக்கப் படிக்க அறை அமைதியானது. ஒரு மனிதரின் துக்கமும், பதவியைக் காத்துக்கொள்ளும் ஜாக்கிரதையும், வேண்டாதவர்கள் மேல் கோபமும் ஒரே கையெழுத்தில் வருகின்றன. நாட்குறிப்பும் ஒருதரப்பு வாக்குமூலம்தான் என்று அன்று எல்லோருக்கும் உறைத்தது. இன்னொன்று: பாஸ்கவன் புறப்பட்டது எங்கள் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையிலிருந்து. அந்தக் கதையில் எங்கள் ஊர்தான் எதிரி முகாம்!

ஆனால் எனக்குத் தூக்கம் கெட்டது வேறொரு பக்கத்தால். 1743ஆம் வருஷத்துப் பதிவு ஒன்றைக் கல்லூரியில் படிக்கும் பெண் கொண்டுவந்தாள். ஏழை ஜனங்களை ஏமாற்றி அழைத்துவந்து, அடைத்துவைத்து, அடிமைகளாகக் கப்பலேற்றிய கூட்டம் பிடிபட்ட சம்பவம். படித்துவிட்டு அவள் கேட்டாள்: “பிடிச்சவன் பேர் இருக்கு தாத்தா. கப்பல் ஏறினவங்க பேர் எங்கே?”

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அவங்க யாரும் நாட்குறிப்பு எழுதலையே பாப்பா” என்றார்.

நாவலாசிரியருக்கு வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. துபாஷியின் பேனா கடந்துபோன தாசிகளையும் வேலைக்காரர்களையும் பிரபஞ்சன் நிறுத்திப் பேசவைக்கிறார். அந்தப் பேச்சுகளுக்கு எந்த ஆவணமும் கிடையாது. ஆனால் அவர்கள் இருந்தார்கள், பேசினார்கள் என்பதில் சந்தேகமும் கிடையாது. வரலாற்று நாவலைத் தனியே படிப்பது பாதிப் படிப்பு என்பது என் உறுதியான கருத்து. ஆவணத்தை மட்டும் படிப்பதும் அதேபோல் பாதிதான். இரண்டையும் ஒரே மேஜையில் வைத்து, நாலு பேர் சேர்ந்து வாசிக்கவேண்டும். தறிக்காரர் கண்ணில் பட்டது என் கண்ணில் படவில்லை. அந்தப் பெண் கேட்டதைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

உங்கள் ஊர் நூலகத்தில் வாசகர் வட்டம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் போய் உட்காருங்கள். இல்லையென்றால் நூலகரிடம் கேட்டு ஆரம்பியுங்கள். புத்தகம் 2 பிரதி இருந்தால் போதும்.