கண்ணாடித் தகடும் திரவப் புட்டியும்

கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்னரே அறிய உதவும் ‘பேப் ஸ்மியர்’ சோதனை செய்துகொண்ட தோட்டத்து மாதரை மருந்தகம் மீண்டும் அழைத்தால், அவர்கள் அஞ்சுகின்றனர்; ஒரு நாள் வேலையும் கெடுகிறது. பல வேளைகளில் காரணம் நோயன்று. மாதிரி தெளிவாக அமையாமையே.

பழைய முறையில், எடுத்த உயிரணுக்களைக் கண்ணாடித் தகட்டில் தடவி உடனே ஆல்கஹாலில் நனைப்பர். தாமதித்தால் அவை உலர்ந்து உருவம் கெடும். இரத்தமும் சளியும் மறைப்பதுமுண்டு. புதிய முறையில் தூரிகையைத் திரவப் புட்டியில் அலசுவர். மரப்பால் உறையாதிருக்க அமோனியா சேர்ப்பதை அறிவீர்கள். உயிரணுக்களைக் காப்பது இத்திரவம். ஆய்வுக்கூடத்தில் இயந்திரம் அவற்றை மெல்லிய படலமாகப் பரப்பும். பயனற்ற மாதிரிகள் குறையும். எஞ்சிய திரவத்தில் எச்.பி.வி. கிருமியையும் சோதிக்கலாம். செலவுதான் அதிகம்.

நோய்க்கு முந்திய மாறுதலைக் காண்பதில் இரண்டிற்கும் பெரிய வேற்றுமையில்லை. ஆகவே, புதிய முறைக்கெனக் காத்திருக்க வேண்டா என்போம். மாதவிடாய் நாள்களைத் தவிர்த்துச் செல்க.