சிவப்பு மையின் இரு வேலைகள்

ஒப்படை என்பது மாணவர் தாமே தேடியும் சிந்தித்தும் எழுதிப் புள்ளிக்காகச் சமர்ப்பிக்கும் ஆக்கம். அது சில வேளைகளில் பெண்களை இழிவுபடுத்தும் கருத்தையோ சக மாணவியைக் கேலி செய்யும் வரியையோ சுமந்துகொண்டு ஆசிரியரின் மேசைக்கு வந்துவிடுகிறது. அப்போது ஆசிரியருக்கு இரண்டு வேலைகள் உண்டு: அந்த ஆக்கத்துக்குப் புள்ளியிடுவது ஒன்று, அதிலுள்ள இழிவுக்கு மறுமொழி சொல்வது மற்றொன்று. இரண்டும் ஒரே சிவப்பு மையால் செய்யப்படுவதால் ஒன்றுபோலத் தோன்றினாலும், அவற்றைப் பிரித்தறியாத இடத்திலேயே பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன.

அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் 2025ஆம் ஆண்டின் இறுதியில் எழுந்த சர்ச்சை இதற்கு அண்மைய சான்றாகும். பால்நிலை, அதாவது ஆண் இப்படி, பெண் இப்படி என்று சமூகம் வகுத்துள்ள எதிர்பார்ப்பு, பற்றிய ஆய்வுக் கட்டுரையொன்றைப் படித்துக் கருத்தெழுதும்படி உளவியல் வகுப்பில் கேட்கப்பட்டபோது, வேதாகமத்தை ஆதாரமாகக் கொண்டு மாணவி ஒருவர் எழுதிய ஒப்படைக்கு 25 புள்ளிகளில் பூச்சியம் வழங்கப்பட்டது. வினாவுக்கு விடையில்லை, ஆய்வுச் சான்றில்லை என்ற காரணங்களோடு, சில இடங்கள் புண்படுத்துகின்றன என்ற காரணமும் மதிப்பீட்டுக் குறிப்பில் சேர்ந்திருந்தது. முதலிரண்டும் பாடத்தைச் சார்ந்தவை, மூன்றாவது அத்தகையதன்று. மாணவி மதப் பாகுபாடு என்று முறையிட, விவகாரம் அரசியலாகி, மதிப்பிட்டவர் கற்பித்தல் பொறுப்பிலிருந்தே விலக்கப்பட்டார். அந்த முடிவு நியாயமானதா என்பது வேறு விவாதம். ஆனால் தகுந்த காரணங்களோடு தகாத ஒன்று கலந்தபோது எல்லாக் காரணங்களும் வலுவிழந்தன என்பது கண்கூடு.

பாடசாலை மட்டக் கணிப்பீட்டில் இந்த ஆபத்து இன்னும் நெருக்கமானது. பொதுப் பரீட்சைத் தாளைத் திருத்துபவருக்கு எழுதியவர் சுட்டெண் மட்டுமே. வகுப்பாசிரியரோ மறுநாள் காலை அதே பிள்ளையின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். யாழ்ப்பாணத்து அளவெட்டி போன்ற ஊரில் ஆசிரியரும் பெற்றோரும் சந்தையிலும் கோயில் வீதியிலும் சந்தித்துக்கொள்பவர்கள் ஆதலால், ஓரத்தில் எழுதிய ஒரு சொல் ஊர்ப்பேச்சாக மாற அதிக நேரம் எடுக்காது. இங்கே ஆசிரியருக்குப் பாதுகாப்பாக அமைவது, முன்கூட்டியே மாணவருக்குக் கொடுக்கப்பட்ட புள்ளியிடும் திட்டமே. எடுத்துக்காட்டாக, 20 புள்ளிகளில் பொருளுக்கு 6, சான்றுக்கு 6, ஒழுங்கமைப்புக்கு 4, மொழிக்கு 4 என்று பிரித்திருந்தால், பெண்கள் கணிதத்துக்குப் பொருத்தமற்றவர்கள் என்று ஆதாரமின்றி எழுதிய மாணவர் சான்றுக்குரிய புள்ளிகளை இழப்பார். நன்றாக எழுதிய மொழிக்குரிய நான்கையும் பெறுவார். ஓரக் குறிப்பில் ‘வெட்கக்கேடு’ என்று எழுதினால் மாணவர் வாயை மூடிக்கொள்வார். ‘எத்தனை பேரை வைத்து, எந்த ஆண்டில், யார் ஆராய்ந்து கண்டது?’ என்று எழுதினால் பதில் தேடவேண்டியவராவார்.

தமிழ் வகுப்பில் இத்தகைய கூற்றுகள் பெரும்பாலும் பழமொழியின் துணையோடு வருகின்றன. ‘பெண் புத்தி பின் புத்தி’ என்பதை எடுத்தாளும் மாணவர், ஊர் அப்படிச் சொல்லி வந்தது என்பதற்குச் சான்று தருகிறாரேயன்றி, ஊர் சொன்னது உண்மை என்பதற்கு அன்று. ஔவையார் பெயரில் வழங்கும் ஆத்திசூடியிலேயே பெண்ணின் சொல்லைக் கேளாதே என்று பொருள்படும் அடி உண்டு என்று அவர் வாதிடவும் கூடும். அந்த வாதத்தை அடக்குவதைவிட வளர்த்துச் செல்வதே பயன் தரும்: பாரதியார் தம் புதிய ஆத்திசூடியில் பெண்ணை உயர்த்தச் சொல்லும் அடியை எழுதியதையும், அளவெட்டியைச் சேர்ந்த இன்னொரு ஔவை உட்பட ஈழத்துப் பெண் கவிஞர்களின் கவிதைகளைத் திரட்டி 1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் ‘சொல்லாத சேதிகள்’ என்ற தொகுப்பை வெளியிட்டதையும் சுட்டி, இவற்றையும் படித்த பின் அதே கட்டுரையை மீண்டும் எழுதும்படி கேட்கலாம். கருத்து மாறுமா என்பது மாணவரின் பொறுப்பு. எதிர்த்தரப்பை அறிந்து எழுதினாரா என்பதே ஆசிரியர் அளக்கக்கூடியது.

புனைவெழுத்தில் அளவுகோல் மாறுகிறது. அளவெட்டியில் பிறந்த மஹாகவி என்னும் து. உருத்திரமூர்த்தி (1927–1971), லிமரிக் எனப்படும் ஐந்து வரி ஆங்கில நகைச்சுவைப் பாவைத் தமிழுக்கு இசையக் குறும்பாவாக்கி, 1966இல் அப்பெயரிலேயே நூல் வெளியிட்டார். ஐந்து வரிக்குள் சிரிப்பு மூட்டவேண்டிய இந்த வடிவத்தை வகுப்பில் பயிற்சியாகக் கொடுத்தால், பெண்ணின் உடலையோ நிறத்தையோ கேலிப்பொருளாக்கும் குறுக்குவழியைச் சிலர் தேர்வர். கதையில் பேசும் பாத்திரம் வேறு, எழுதியவர் வேறு என்பதால், இழிசொல் வந்தவுடன் எழுதியவரைக் குற்றவாளியாக்க இயலாது. மனைவியை அடிப்பவனைப் பற்றிய நாடகத்தில் அவன் கனிவாகப் பேசவும் முடியாது. கேட்கவேண்டிய கேள்வி, சிரிப்பு யார் மேல் விழுகிறது என்பது: இழிவாகப் பேசுபவன் மேல் விழுந்தால் அது அங்கதம், பேசப்படுபவள் மேல் மட்டும் விழுந்தால் அது பழைய கேலியின் நகல். அவ்வாறான நகலைக் கலைக்குறை என்றே விமர்சிக்கலாம்.

வகுப்பில் உள்ள ஒருவரை அடையாளங்காட்டி எழுதப்பட்டதாயின் அது மதிப்பீட்டு விடயமாக நின்றுவிடுவதில்லை. இலங்கை அரசியலமைப்பின் 14ஆவது உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தை உறுதி செய்கிறது; 12ஆவது உறுப்புரை பால் காரணமான பாகுபாட்டைத் தடுக்கிறது; 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, சொல்லால் இழைக்கப்படும் பாலியல் தொந்தரவையும் குற்றமாகக் கொள்கிறது. ஆகவே இத்தகைய எழுத்தை ஆசிரியர் தனித்துத் தீர்க்காமல் அதிபருக்கோ துறைத் தலைவருக்கோ எழுத்தில் அறிவிப்பதும், குறிவைக்கப்பட்ட பிள்ளையின் பாதுகாப்பை முதலில் கவனிப்பதும் முறையாகும். ஆசிரியரே இலக்காக இருந்தால் புள்ளியிடும் பணி இன்னொருவரிடம் செல்லவேண்டும். மிச்சிகன் மாநிலத்து ஓக்லண்ட் பல்கலைக்கழகத்தில் 2011இல் மாணவர் ஒருவர் எழுத்துப் பயிற்சி நாட்குறிப்பில் தம் ஆசிரியை மீதான பாலியல் ஈர்ப்பை எழுதி இடைநிறுத்தப்பட்டார். கட்டுப்பாடின்றி எழுதலாம் என்று கூறப்பட்டதாக அவர் வாதிட்டபோதிலும், கூட்டாட்சி நீதிமன்றம் 2013இல் வழக்கைத் தள்ளுபடி செய்தது. பயிற்சியைக் கொடுக்கும் நாளிலேயே எல்லையையும் சொல்லிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

சில எழுத்துகள் இழிவைவிட ஆழமான எதையோ வெளிப்படுத்துகின்றன. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 2005இல் ஒரு மாணவரின் எழுத்தாலும் நடத்தையாலும் கலக்கமுற்ற கவிஞர் நிக்கி ஜியோவானி, அவரைத் தம் வகுப்பிலிருந்து அகற்றும்படி கோரினார். துறைத் தலைவர் லூசிண்டா ராய் அம்மாணவருக்குத் தனியே கற்பித்ததோடு பிறரையும் எச்சரித்தார். 2007 ஏப்ரலில் அந்த மாணவர் 32 பேரைச் சுட்டுக் கொன்றார். எழுத்தை வைத்து நடக்கப்போவதைக் கணிக்க முடியாது. எனினும், வெறுப்போ வன்முறையோ திரும்பத் திரும்ப வரும் ஆக்கத்தை உளவளத்துணை ஆசிரியருக்குக் காட்டுவது தண்டனையாகாது.

வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டி வெட்கப்படுத்துவதும் பிரம்பை எடுப்பதும் பழைய வழிகள். கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை உடற்றண்டனையை விலக்கிவிட்டது. உரக்கப் படிப்பதோ, கேலிக்குள்ளான பிள்ளையை இரண்டாம் முறையும் புண்படுத்துகிறது. கோபம் தணியும் வரை ஒருநாள் ஒதுக்கி, பெயரை மறைத்து இன்னொரு ஆசிரியரிடம் புள்ளியைச் சரிபார்த்து, மாணவரைத் தனியே அழைத்துப் பேசி, திருத்திய பிரதிக்குத் திகதி குறிப்பதே ஆசிரியத் தொழிலுக்கு உரிய வழி. புள்ளி முதற்பிரதியோடு முடிந்துவிடுகிறது. கற்பித்தல் இரண்டாம் பிரதியில்தான் நிகழ்கிறது.